நாள்பட்ட குடல் அழற்சி: வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றோரின் துணை

சீதபேதி என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து உட்கொண்டும் இரத்தப் போக்கு நிற்காத இளைஞர்களை ஊழியர்கள் ஆங்காங்கே காண நேரிடும். இவர்களிற் சிலருக்கு இருப்பது கிருமியால் வரும் சீதபேதியன்று. நாள்பட்ட குடல் அழற்சியாகும். உடலின் தற்காப்புச் சக்தி நெறி தவறிக் குடலையே தாக்குவதால் இது உண்டாகிறது. இதில் முக்கியமாக இரு வகை உண்டு. பெருங்குடலின் உட்சுவரில் புண் உண்டாவது ஒன்று. மற்றது, 1932-ல் நியூயார்க்கில் கிரோன் என்பவரும் அவருடைய துணைவர் இருவரும் விவரித்த கிரோன் நோய். இது வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்திலும் தோன்றலாம். இரண்டுமே பெரும்பாலும் 15 வயதிற்கும் 35 வயதிற்கும் இடையில் தலைகாட்டுகின்றன.

நம் நாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. குடற் காசநோய் கிரோன் நோயைப் பெரிதும் ஒத்திருப்பதால், காசநோய் மருந்தைச் சில மாதம் கொடுத்துப் பார்த்த பிறகே சிலருக்கு நோய் இன்னதென்று தெளிவாகிறது. அதுவரை, கல்லூரிக்குச் செல்லச் சோம்பல் என்று மகனை வீட்டார் கடிந்திருப்பர். உண்மை தெரிந்ததும் அக்கடுஞ்சொல் அவர்கள் நெஞ்சையே உறுத்தும். பின்னர் அளவுக்கு மிஞ்சிய காவல் தொடங்கும். இவ்விடத்தில்தான் ஊழியரின் சொல் பயன்படும். இந்நோய் தொற்றுவதன்று, தாய் சமைத்த உணவாலோ மகனின் மனக்கவலையாலோ வந்ததுமன்று.

பத்தொன்பது வயது மகனிடம், "இன்று எத்தனை தடவை?" என்று தந்தை நாள்தோறும் வினவினால், அவன் "நன்றாயிருக்கிறேன்" என்று சொல்லித் தப்புவான். இரத்தம் கண்டதையும் மறைப்பான். மறைப்பதனால் தந்தையின் ஐயம் வளரும். ஐயத்தினால் மகனின் மறைப்பும் வளரும். மலப்போக்கு, வலி, உடல் எடை ஆகியவற்றை அவனே ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். டாக்டரிடமும் அவனே பேசட்டும். சிறிது நேரம் அவனைத் தனியே விட்டுப் பெற்றோர் வெளியே அமர்ந்திருப்பது நன்று. மருந்துச் செலவு, குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு உடன் செல்லுதல் போன்ற உதவிகள் அவர்களுடையவை.

பெரிய ஆபத்து நோய் தணிந்த பின்னரே வருகிறது. மருந்து நோயை அடக்கி வைக்கிறதேயன்றி வேரோடு களைவதில்லை. சுகமாயிற்றென்று மாத்திரையை விட்டவர்களுக்குச் சில மாதங்களில் நோய் மீண்டும் கிளம்புவதுண்டு. பெருங்குடற் புண்ணுக்குக் கார்ட்டிசோன் பயன்படுவதை இங்கிலாந்தில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இருவர் 1955-ல் நிறுவினர். எனினும் ஸ்டீராய்டு குறுகிய காலத்திற்கு மட்டுமே உரியது. பழைய சீட்டைக் காட்டி அதனைக் கடையில் மீண்டும் மீண்டும் வாங்குவதும், வாரக்கணக்கில் உட்கொண்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஒருங்கே கேடு. மூட்டுவலிக்கு ஐபுப்ரோபென், டைக்ளோபினாக் போன்றவற்றைத் தாமாக உண்பதும் அழற்சியைக் கிளப்பக்கூடும்.

பத்தியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கஞ்சியும் அரோரூட்டுமே போதுமென்று மாதக்கணக்கில் கொடுத்து, நோயைவிடப் பட்டினியால் பிள்ளை மெலிந்த வீடுகள் உண்டு. எல்லோருக்கும் பொதுவான விலக்குப் பட்டியல் கிடையாது. நோய் கிளம்பிய நாட்களில் காரத்தையும் நார் மிகுந்த பண்டங்களையும் குறைக்கலாம். குடல் சுருங்கியிருப்பவர்கள் நாரைப் பற்றி டாக்டரைக் கேட்டறிதல் வேண்டும். மற்ற நாட்களில் பருப்பு, முட்டை, தயிர் எதையும் காரணமின்றி விலக்கலாகாது.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது எளிது. ஆனால் மாணவனுக்கு அது பெரிது. வாயிலருகே இடமும், கேளாமலே எழுந்து செல்ல அனுமதியும் தரவேண்டும். காரணத்தை வகுப்பறியச் சொல்லலாகாது. தேர்வு மண்டபத்திற்கும் இவ்வேற்பாட்டை முன்னரே செய்துவைத்தல் நலம். விடுதியில் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறைக்கு அருகே அறை கிடைத்தால், அம்மாணவன் படிப்பை விடாமலிருப்பான்.

மகளுக்கு நோய் என்றால் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது திருமணத்தைப் பற்றியே. திருமணத்திற்கும் பிள்ளைப்பேற்றிற்கும் இது தடையன்று. நோய் அடங்கியிருக்கையில் கருத்தரித்தல் நன்று. சில மருந்துகளை முன்கூட்டியே மாற்றவேண்டியிருக்குமாதலால், டாக்டரிடம் முன்னரே தெரிவிக்கவேண்டும். மணமகன் வீட்டாரிடம் என்ன சொல்வது, எப்பொழுது சொல்வது என்பதில் அப்பெண்ணின் விருப்பத்தையும் கேட்கவேண்டும்.

ஒரே நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்துடன் மலம் போய், அதனுடன் காய்ச்சலோ, நிமிஷத்திற்கு 90-க்கு மேற்பட்ட நாடித்துடிப்போ இருந்தால் அன்றே மருத்துவமனையில் சேர்க்கவேண்டும். வயிறு உப்பிக் கடும் வலியும் வாந்தியும் கண்டாலும் அவ்வாறே.