மூளைக்கும் ஒரு லூப் லைன்

ரயில்வேக்காரர்களுக்கு லூப் லைனை விளக்க வேண்டியதில்லை. மற்ற அன்பர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டேஷனில் மெயின் லைனிலிருந்து பிரிந்து, சற்று தூரம் சென்று மீண்டும் அதனுடன் சேரும் பாதை அது. மெயின் லைனில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால், பின்னால் வரும் வண்டியை இதில் திருப்பிவிடலாம். முதுமையில் மூளைக்கும் இத்தகைய மாற்றுப்பாதை உதவுகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

டிமென்ஷியா என்றால் மறதி மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிறர் மனத்தை அறியும் திறனும் அதில் குறையலாம். ஓர் உதாரணம்: பாட்டி கண்ணாடியை அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறாள். பேரன் அதை எடுத்து டி.வி. மேல் வைக்கிறான். பாட்டி வந்து எங்கே தேடுவாள்? அலமாரியில்தான். நமக்குத் தெரிந்தது பாட்டிக்குத் தெரியாது என்று உணர்வதே இந்தத் திறன். 1985-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இதேபோன்ற ஒரு பொம்மைக் கதையைக் கொண்டு குழந்தைகளைச் சோதித்தார்கள். மூளையின் முன்பகுதி தேயும் ஒருவகை டிமென்ஷியாவில், நினைவு ஓரளவு நன்றாக இருக்கும்போதே இத்திறன் போய்விடுகிறது. வீட்டில் உள்ளவர்கள் "மனுஷர் குணமே மாறிவிட்டது" என்று வருந்துவார்கள்.

இனி நமக்கு நெருக்கமான செய்திக்கு வருகிறேன். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களுக்கு நோய் தொடங்கிய சராசரி வயது 61. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு 65½. அதாவது சுமார் 4½ ஆண்டு தாமதம்! எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. ஆகவே இது படிப்பினால் மட்டும் வந்த பலன் அல்ல. ஆனால் இரண்டுக்கு மேல் எத்தனை மொழி அறிந்தாலும் கூடுதல் பலன் தெரியவில்லை.

காரணம் என்ன? கல்கத்தாத் தமிழரின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ், லேக் மார்க்கெட்டில் வங்காளம், டாக்ஸிக்காரரிடம் இந்தி. வங்காளத்திலும் ஆப்னியா, துமியா, துய்யா என்று எதிரே நிற்பவரின் வயது, உறவு, மனநிலை பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் மூளை ஆளறிந்து பாயின்ட் மாற்றுகிறது. வேறு மொழி குறுக்கிடாமல் சிக்னல் போட்டு நிறுத்துகிறது. இந்தப் பயிற்சிதான் மூளைக்குச் சேமிப்பாகிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

இது நோயைத் தடுக்கும் மருந்து அல்ல, தாமதப்படுத்தலாம், அவ்வளவே. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் கணக்கிட்ட ஆய்வு என்பதையும் மறக்கக்கூடாது.

வண்டி ஓடாத லைனில் துரு ஏறும். நம் கவலையும் அதுவே. பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். ரிடையரான பின் பலர் டி.வி. முன் அமர்ந்து, நாள் முழுதும் பத்து வார்த்தைகூடப் பேசுவதில்லை. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல், கவனித்தால் குறைக்கக்கூடிய 14 டிமென்ஷியா காரணங்களைப் பட்டியலிட்டது. தனிமையும் காது மந்தமும் அதில் உண்டு. காது கேட்காதவர் பேச்சிலிருந்து விலகுகிறார்; விலகியவர் தனியாகிறார்.

எனவே மூத்த அன்பர்களே, காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கருவி வேண்டுமென்றால் கூச்சப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு வங்காளியிடம் அவர் மொழியிலேயே நலம் விசாரியுங்கள். பேரக்குழந்தைகளிடம் தமிழில் பேசுங்கள். பெரியவர் ஒருவரின் குணம் திடீரென்று மாறினால், அவரைக் கோபித்துக்கொள்ளாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்திற்கு வரும்போது, சில மாதங்களாக வராத ஒருவரையும் கையோடு அழைத்து வாருங்கள்.