தாழப் பறக்கும் ஹெலிகாப்டரும் குறுக்கிடும் கம்பிகளும்

தமிழக எல்லையை ஒட்டிய வேலந்தாவளம் தொடங்கி இடுக்கி மலைகள் வரையிலான பிரதேசத்தில் மின்பாதைகள் பெருகியிருப்பது வளர்ச்சியின் அடையாளமே. இடுக்கி நீர்மின் நிலையம் 1976-இல் இயங்கத் தொடங்கியது. புகளூர்-திருச்சூர் நேர்மின் பாதை 2021-இல் அதனுடன் சேர்ந்தது. ஆயின் இயற்கைச் சீற்றம் சாலையைத் துண்டிக்கும்போது ஹெலிகாப்டர் தாழப் பறக்க வேண்டியதும் இதே வானில்தான். 2018 ஆகஸ்ட் பெருமழையில் நெல்லியாம்பதிக்குச் செல்லும் சாலை அறுபட்டது. 2022 பிப்ரவரியில் மலம்புழை அருகே மலையிடுக்கில் சிக்கிய இளைஞரை ராணுவத்தினர் மீட்டு மேலேற்ற, விமானப்படை ஹெலிகாப்டர் அவரை ஏற்றிச் சென்றது.

கம்பியினால் விளையும் ஆபத்துக்கு உத்தரகண்ட் மாநிலம் சான்றாகும். 2019 ஆகஸ்ட் 21 அன்று உத்தரகாசி மாவட்டத்தில் வெள்ள நிவாரணப் பணியிலிருந்த ஹெலிகாப்டர், ஆப்பிள் பெட்டிகளைப் பள்ளத்தாக்கின் குறுக்கே கடத்தக் கட்டப்பட்டிருந்த கம்பியில் மோதி வீழ்ந்தது; மூவர் மாண்டனர். 2025 மே 8 அன்று அதே மாவட்டத்தில், கங்கனானி அருகே சாலையில் இறங்க முயன்ற யாத்திரை ஹெலிகாப்டரின் சுழலிறக்கை, நெடுஞ்சாலையோரம் சென்ற கண்ணாடியிழை வடத்தில் பட்டதாக முதற்கட்ட விசாரணை அறிக்கை கூறுகிறது. அறுவர் இறந்தனர். இவ்விரண்டும் மின்கம்பிகள் அல்ல என்பது கவனிக்கத்தக்கது. மின்வாரியத்தின் எந்த வரைபடத்திலும் இவை இடம்பெறுவதில்லை.

கம்பி ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை? புதிதாய் இருக்கையில் பளபளக்கும் கம்பி, நாளடைவில் சாம்பல் நிறமடைந்து வானோடும் காட்டோடும் ஒன்றிவிடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஹெலிகாப்டர் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் கடக்கும். 60 மீட்டர் தொலைவில் கம்பியைக் கண்டாலும் விமானிக்குக் கிடைப்பது இரண்டு நொடிகளே. ஆகவே அவர் கம்பியைத் தேடாமல் கோபுரத்தைத் தேடவும், கோபுரத்தின் உச்சிக்கு நேர்மேலே கடக்கவும் பயிற்றுவிக்கப்படுகிறார். மலைச்சரிவிலோ கோபுரங்கள் மரங்களுள் மறைந்திருக்கும். மேலும், கீழுள்ள தடித்த கம்பிகளைக் கண்டு மேலெழும் விமானி, மின்னலைத் தாங்க உச்சியில் கட்டிய மெல்லிய புவிக்கம்பியில் மோதுவதும் உண்டு. கம்பி இருப்பதை முன்பே அறிந்திருந்தும் மோதியவர்களே பாதிக்கு மேற்பட்டோர் என்று ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. கவனம் ஒரு கணம் வேறு பணியில் திரும்பினால் போதும்.

கம்பிகளில் வண்ண உருண்டைகளைக் கோப்பது பழகிய பரிகாரம். சர்வதேச விதிப்படி குறைந்தது 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகள் 30 மீட்டருக்கு ஒன்றாக அமைய வேண்டும். ஹெலிகாப்டரின் முகப்பில் பொருத்தும் கம்பி வெட்டும் கருவியும் உண்டு; எனினும் அது முகப்பில் நேராக மோதும் கம்பிக்கே உதவும், சுழலிறக்கையைக் காக்காது.

எனவே கம்பிகளின் முழுமையான பட்டியலே முதல் தேவை எனலாம். வேலந்தாவளத்தில் மின்பாதைகளின் பதிவு இரு மாநிலங்களுக்கிடையே பிரிந்து கிடக்கிறது. தொலைக்காட்சி வடமும், தோட்டங்களில் சுமை இறக்கக் கட்டும் கம்பியும் அப்பதிவிலும் சேர்வதில்லை. இவற்றை ஊராட்சிவாரியாகக் குறித்து, பருவமழைக்கு முன்பே பாலக்காடு, கோவை மாவட்ட நிர்வாகங்கள் பரிமாறிக்கொள்வதும், அதன் படி ஒன்றைச் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு அனுப்புவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.