வாழைத்தண்டு எல்லாருக்கும் ஆகாது

அன்புள்ள மலருக்கு,

"குரோன் நோய்க்கு நார்ச்சத்துதானே முதல் மருந்து?" என்று வகுப்பு முடிந்ததும் கேட்டாய். வாழைத்தண்டு குடலைச் சுத்தம் செய்யும் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். உணவியல் படிக்கிற பிள்ளையும் அதையே சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

இந்த நோயால் சிறுகுடலின் கடைப்பகுதி புண்ணாகி, ஆறி, தழும்பேறிச் சுருங்கிய ஒருவருக்கு வாழைத்தண்டின் நாரும் சோளமணியும் அந்தக் குறுகலில் போய் அடைத்துக்கொள்ளலாம். வயிறு உப்பும், வாந்தி வரும். சிலருக்கு அறுவை வரை போய்விடும்.

அதற்காக நாரே கூடாது என்பதில்லை. இஸ்ரேல் மருத்துவர் ஆரி லெவினும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படி. குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் சத்துப் பானம் மட்டுமே கொடுப்பது பழைய முறை. ஸ்டீராய்டுக்கு நிகராக அது நோயை அடக்கும், வளர்ச்சியையும் கெடுக்காது. ஆனால் வீடே உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரு பையன் எத்தனை நாள் பானத்தையே குடித்துக்கொண்டிருப்பான்?

லெவின் குழு பாதி பானம், பாதி சாப்பாடு என்று வகுத்தது. தினமும் கோழி நெஞ்சுக்கறி, இரண்டு முட்டை, இரண்டு வாழைப்பழம், தோல் சீவிய ஓர் ஆப்பிள், வேகவைத்து ஆறவைத்த இரண்டு உருளைக்கிழங்கு: இவை கட்டாயம். சோறு உண்டு. கோதுமை, பால், பதப்படுத்திய இறைச்சி, எமல்சிபையர் சேர்த்த பாக்கெட் உணவு கிடையாது.

ஏன் ஆறவைக்க வேண்டும்? உருளைக்கிழங்கு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறி, பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. ஆப்பிளில் இருக்கும் பெக்டினுக்கும் அதே வேலை. இவையும் நார்தானம்மா, அடைத்துக்கொள்ளாத நார்! 12ஆம் வாரம் புதிய முறையில் இருந்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பேருக்கு ஸ்டீராய்டு இல்லாமலே நோய் அடங்கியிருந்தது. முதல் 6 வாரம் பானம் மட்டும் குடித்தவர்களில் பாதிப்பேர்கூட அந்த நிலையில் இல்லை.

ஒன்றை மறக்காதே. அந்த ஆய்வில் இருந்தவர்கள் லேசான, நடுத்தர நோயுள்ள பிள்ளைகள். இதைக் காட்டி யாருடைய மாத்திரையையும் நிறுத்தச் சொல்லாதே. புகைப்பவரிடம் சாப்பாட்டுக்கு முன்னால் சிகரெட்டைப் பற்றிப் பேசு. குரோன் நோயை அது முற்றவைக்கும்.

குரோன் நோயாளி ஓய்வாகவே இருக்க வேண்டும், உடற்பயிற்சி ஆகாது என்பதும் தவறு. அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவருக்கு இதே நோய்க்காக 1956 ஜூனில் குடல் அறுவை நடந்தது. நவம்பரில் அவர் மறுபடியும் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். இது வரலாற்று நூல்களில் கிடைப்பது. ஆய்வு வேண்டுமா? 2007இல் கனடாவில் 32 நோயாளிகளை வைத்து ஒன்று நடந்தது. வாரம் மூன்று முறை, அரை மணி நேரம், மூன்று மாதம் மெதுவாக நடந்தவர்களின் அன்றாட வாழ்க்கை மேம்பட்டது, நோய் கிளறவில்லை. ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும் என்பதால் நடைக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது.

மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும்போது, உணவுச் சீட்டு எழுதுவதற்கு முன் ஸ்கேன் அறிக்கையை வாங்கிப் பார். குறுகல் இருக்கிறதா, எங்கே, எவ்வளவு நீளம் என்று குறித்துக்கொள். கடைச் சிறுகுடலை வெட்டி எடுத்திருந்தால், பி12 அளவைப் பரிசோதித்தார்களா என்று மருத்துவரிடம் கேள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்