கம்பைல் நேரம் திடீரென்று கூடிவிட்டதா? 9 குறிப்புகள்

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் இரும்பு உணர்கருவி எப்படி வேலை செய்யும் என்பதை, ஜியான்ட்4 என்ற சி++ மென்பொருளை வைத்துத்தான் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இத்தகைய பெரிய மென்பொருளை வீட்டு லேப்டாப்பில் கம்பைல் செய்யும் போடி, கம்பம் மாணவர்களுக்கு, ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 2002-ல் எழுதிய சிகேஷ் என்ற கருவி பெரிய துணை. கம்பைல் ஆனதைச் சேமித்து வைத்து, அதே வேலை மறுபடி வரும்போது எடுத்துத் தரும். பில்ட் முறையை மாற்றும்போது அந்தப் பலன் கைநழுவாமல் இருக்க:

1. சிகேஷ் நம் கோடை மட்டும் பார்ப்பதில்லை. கம்பைலர், ஆப்ஷன்கள், ஹெடர் ஃபைல்கள் எல்லாவற்றையும் சேர்த்தே ஒப்பிடும். கோடைத் தொடாமல் ஆப்டிமைசேஷன் அளவை மட்டும் மாற்றினாலும் எல்லாம் புதிதாகத்தான் கம்பைல் ஆகும்.

2. சிமேக்கில் புது பில்ட் ஃபோல்டர் போட்டால், 'கம்பைலர் லாஞ்சர்' இடத்தில் சிகேஷைக் குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பலமுறை கோளாறு இவ்வளவுதான்.

3. பதிப்பு எண், கிட் கமிட் எண் போன்றவற்றை எல்லா ஃபைலுக்கும் ஆப்ஷனாகக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு சிறிய ஃபைலில் வையுங்கள். எண் மாறினால் அது மட்டும் கம்பைல் ஆகும்.

4. கம்பைல் ஆன நேரத்தைப் பதிக்கும் 'டைம்' மேக்ரோ இருக்கும் ஃபைல், வழக்கமான அமைப்பில் கேஷிலிருந்து கிடைக்காது. 'டேட்' மேக்ரோ இருந்தால் மறுநாள் கிடைக்காது. இரண்டையும் பொது ஹெடரில் போடவே வேண்டாம்.

5. டீபக் தகவலோடு கம்பைல் செய்தால் ஃபோல்டரின் பாதையும் கணக்கில் சேரும். ப்ராஜெக்ட்டை வேறு இடத்துக்கு மாற்றினால் பழைய கேஷ் உதவாது. ஒரே இடத்தில் வைத்திருங்கள். முடியாவிட்டால் சிகேஷில் 'பேஸ் டிர்' அமைப்பையும், கம்பைலரில் 'டீபக் ப்ரிஃபிக்ஸ் மேப்' ஆப்ஷனையும் சேருங்கள்.

6. கம்பைலரையும் லிங்க்கரையும் ஒரே கட்டளையில் ஓட்டினாலோ, பல சோர்ஸ் ஃபைல்களை ஒரே கட்டளையில் கொடுத்தாலோ சிகேஷ் சேமிக்காது. ஒவ்வொரு ஃபைலையும் தனியாகக் கம்பைல் செய்து, கடைசியில் லிங்க் செய்யுங்கள்.

7. கம்பைலர் மாறியதா என்பதை அந்த ஃபைலின் அளவையும் தேதியையும் வைத்தே சிகேஷ் முடிவு செய்யும். அதே கம்பைலரை மறுபடி நிறுவும்போது தேதி மாறினால் கேஷ் வீண். 'கம்பைலர் செக்' அமைப்பில் 'கன்டென்ட்' என்று போட்டால் உள்ளடக்கத்தை ஒப்பிடும்.

8. கேஷ் ஃபோல்டரை டெம்ப் ஃபோல்டரிலோ, அழிந்துபோகும் கன்டெய்னருக்குள்ளோ வைக்காதீர்கள். ஆடிக் காற்றில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்தாலும், அதுவரை கம்பைல் ஆனவை பத்திரமாக இருக்க வேண்டும். கேஷின் வழக்கமான உச்ச அளவு 5 ஜிபி. டீபக், ரிலீஸ் இரண்டையும் பில்ட் செய்பவர்கள், டிஸ்கில் இடம் இருந்தால் 10 ஜிபி ஆக்குங்கள். நிரம்பினால் பழையவை தானாக நீங்கிவிடும்.

9. பில்ட் ஸ்கிரிப்டில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முதலில் ஒருமுறை பில்ட் செய்யுங்கள். பிறகு சிகேஷின் புள்ளிவிவரக் கணக்கைப் பூஜ்ஜியமாக்கி, 'க்ளீன்' கொடுத்து மறுபடி பில்ட் செய்யுங்கள். இரண்டாவது முறை ஏறக்குறைய எல்லாமே கேஷிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் கடைசியாகச் செய்த மாற்றத்தைத்தான் சரிபார்க்க வேண்டும்.