குருதியமுக்கக் குளிசையும் குடும்பத்தின் கடமையும்

ஆலய வழிபாட்டை நித்தியம், நைமித்திகம் என இருவகையாக வகுப்பர். நாள்தோறும் தவறாது நிகழும் பூசை நித்தியம். திருவிழா, விசேட அபிஷேகம் முதலியன காரணம் பற்றி நிகழ்வதால் நைமித்திகம். திருவிழா எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் நித்திய பூசை தடைப்பட்டால் ஆலயம் களையிழந்துவிடும் என்பதை அடியார்கள் அனைவரும் அறிவர்.

மருந்து உண்பதிலும் இவ்விரு வகையும் உண்டு. காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்து காய்ச்சல் தீர்ந்ததும் முடிந்துவிடும். "பிரஷர்" என்று எல்லோரும் சொல்லும் உயர் குருதியமுக்கத்துக்குக் கொடுக்கும் குளிசையோ நித்திய பூசையைப் போன்றது. இன்று போட்டது இன்றைக்குத்தான். நாளைக்கு மீண்டும் போட வேண்டும்.

நோவு இல்லாத நோய்

மேலளவு 140க்கோ கீழளவு 90க்கோ குறையாமல் பல தடவை காணப்பட்டால் அது உயர் குருதியமுக்கம் எனப்படும். இந்நோய்க்குப் பெரும்பாலும் நோவு கிடையாது. தலை சுற்றினால்தான் பிரஷர் என்று எண்ணுவது தவறு. ஒன்றும் தெரியாமலே பல வருடங்கள் இருந்துவிட்டு, ஒரு நாள் பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். சிறுநீரகத்தையும் கண்ணையும் மெல்ல மெல்லக் கெடுக்கும்.

நோவு இல்லாததனால்தான் குளிசை மறந்து போகிறது. இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டபின் கிளினிக்கில் அளந்து பார்த்து "இப்போது சரியாக இருக்கிறது" என்று சொன்னால், நோய் போய்விட்டது என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். குளிசை போட்டதனால்தான் அளவு சரியாக இருந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். சில வகைக் குளிசைகளைத் திடீரென நிறுத்தினால் அமுக்கம் வேகமாக ஏறிவிடும் அபாயமும் உண்டு.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்போரில், செல்வந்த நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர்தான் ஒழுங்காக எடுக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையொன்றில் தெரிவித்தது.

தோட்டத்தில் உள்ள தடைகள்

குளிசை போடாதவரை "சோம்பேறி" என்று ஏசுவது எளிது. ஆனால் காரணம் என்ன என்று கேட்பார் குறைவு. கிளினிக் நாளில் மலைக்குப் போக முடியாது. அன்றைய பேர் போய்விடும். நுவரெலியாவுக்கோ டிக்கோயாவுக்கோ போய்வர பஸ் காசும் வேண்டும். மருந்து உறையில் எழுதியிருப்பது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வயதானவர்களுக்கு விளங்குவதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, நோயாளர் பலர் வெளியே பார்மசியில் காசு கொடுத்து வாங்க நேரிட்டதையும் மறக்க இயலாது.

வெளியே சொல்லக் கூச்சப்படும் காரணங்களும் உள. பிரஷருக்குக் கொடுக்கும் குளிசைகளில் ஒரு வகை சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். காலையில் அதைப் போட்டுக்கொண்டு கொழுந்து மலையில் நிற்கும் பெண்ணுக்கு ஒதுங்க இடம் ஏது? ஆகவே வேலை நாளில் அதைப் போடாமல் விட்டுவிடுகிறார். எனலாபிரில் போன்ற சில குளிசைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அதை மலைக்குளிரின் இருமல் என்றெண்ணிக் கசாயம் குடிப்பதும், அல்லது குளிசையையே நிறுத்திவிடுவதும் நடக்கின்றன. அம்லோடிப்பின் சிலருக்குக் கால் வீக்கம் தரும். இவை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. டாக்டரிடம் கூச்சப்படாமல் சொன்னால் போடும் நேரத்தையோ குளிசையையோ மாற்றித் தருவார். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

நான்காவது பகுதி

திருக்குறளில் "மருந்து" என்பது 95ஆவது அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுக்கிறார். நோயாளி ஒன்று, வைத்தியர் ஒன்று, மருந்து ஒன்று. நான்காவதாக, அருகிருந்து மருந்தைக் கொடுப்பவரையும் சேர்த்தே அவர் எண்ணுகிறார். டாக்டரும் மருந்தும் ஆஸ்பத்திரியில் கிடைக்கின்றன. இந்த நான்காவது ஆள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

இது வெறும் அறவுரையன்று. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமப்புறங்களில் 2016ஆம் ஆண்டு தொடங்கி ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. நாட்டுக்குப் பத்தாக 30 இடங்களில், குருதியமுக்கம் உள்ள 2,645 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். பாதி இடங்களில் வழமையான வைத்தியம் மட்டும் நடந்தது. மற்றைய பாதியில் சுகாதார ஊழியர்கள் வீடு தேடிச் சென்று அமுக்கத்தை அளந்து, குளிசை பற்றியும் உணவு பற்றியும் பேசி, தேவையானவரை டாக்டரிடம் அனுப்பினர். டாக்டர்களுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. இலங்கையில் அந்த ஊழியர்கள் வேறு யாருமல்லர். கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்க வரும் குடும்பநல உத்தியோகத்தர்களே.

இரண்டு வருட முடிவில், வீடு தேடிச் சென்ற இடங்களில் மேலளவு சராசரியாக 9 குறைந்தது. மற்றைய இடங்களில் ஏறக்குறைய 4 மட்டுமே குறைந்தது. அமுக்கம் கட்டுப்பாட்டுக்கு வந்தவர்கள் முன்னையதில் 100க்கு 53 பேர், பின்னையதில் 44 பேர். 2020ஆம் ஆண்டு வெளியான இம்முடிவு, ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து அன்பாகக் கேட்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே என்பதைக் காட்டுகிறது.

விரத நாளில் குளிசை

கந்தசஷ்டி, வெள்ளிக்கிழமை முதலிய விரத நாள்களில் குளிசையும் போடக்கூடாது என்று பல அடியார்கள் விட்டுவிடுகின்றனர். விரதத்தைக் கெடுக்காத பொருள்கள் எட்டு என்று வடமொழி மரபு கூறும். நீர், கிழங்கு, பழம், பால், நெய் முதலியவற்றோடு ஔஷதமும் அவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. எனவே மருந்து எடுப்பதால் விரதம் பங்கமடையாது. ஆறு நாள் முழுப் பட்டினி இருக்க விரும்புவோரும், தீமிதிக்க நேர்ந்துகொண்டோரும், முற்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நீரிழிவும் சேர்ந்து உள்ளவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

வீட்டார் செய்யக்கூடியவை

1. குளிசையை ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு சேர்க்க வேண்டும். காலைத் தேத்தண்ணி, சுவாமி விளக்கு, திருநீறு அணிதல் இவற்றில் ஏதேனும் ஒன்றோடு சேர்த்தால் மறதி குறையும்.

2. உறையில் உள்ளதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் டிஸ்பென்சரியில் கேட்டறிந்து, காலைக் குளிசைக்குச் சூரியனும் இரவுக் குளிசைக்குச் சந்திரனும் வரைந்து கொடுக்கலாம். போட்டபின் நாட்காட்டியில் ஒரு கோடு போடச் செய்யலாம்.

3. "போட்டீர்களா, இல்லையா?" என்று அதட்டக்கூடாது. "அம்மாயி, உறையில் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது?" என்று கேட்டால் உண்மை தெரியவரும். மனமும் நோகாது.

4. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது.

5. அடுப்பங்கரையிலும் ஈரச் சுவரருகிலும் குளிசையை வைக்கக்கூடாது. மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும்.

6. பக்கத்து வீட்டாரின் குளிசையை வாங்கிப் போடுவதும், மிச்சம் பிடிக்கப் பாதியாக உடைத்துப் போடுவதும் கூடாது.

7. இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் கடையில் வாங்கும் டைக்குளோபினாக் போன்ற குளிசைகள் அமுக்கத்தைக் கூட்டும். கேட்காமல் எடுக்கலாகாது.

8. உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், சம்பல் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இதில் அடங்கும். சாராயத்தையும் புகையிலையையும் விட்டுவிட வேண்டும்.

லயத்தாரும் ஆலயமும்

தனியே வாழும் முதியோருக்கும், பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பெற்றோருக்கும் அந்த நான்காவது ஆள் யார்? பக்கத்து வீட்டுக்காரரே. ஒரே லயத்தில் நாலைந்து பேருக்குப் பிரஷர் இருந்தால் கிளினிக்குக்குச் சேர்ந்து போகலாம். ஆட்டோக் கூலியும் பங்காகும், ஒருவருக்கொருவர் ஞாபகமூட்டவும் இயலும். தொலைவிலுள்ள பிள்ளைகள் தொலைபேசியில் பேசும்போது காசு அனுப்பியதைக் கேட்பதோடு குளிசையையும் கேட்க வேண்டும்.

ஆலயங்களும் இதில் பங்கெடுக்கலாம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வழங்கும்போது அடுத்த கிளினிக் திகதியை அறிவிக்க ஒரு நிமிடம் போதும். திருவிழாக் காலத்தில் தோட்ட வைத்திய உத்தியோகத்தரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ அழைத்து மண்டபத்தில் அமுக்கம் அளக்க ஏற்பாடு செய்யலாம். இதுவரை அளந்து பாராதவர்கள், 35 வயதைக் கடந்திருந்தால், அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக அளந்துகொள்ளலாம்.

கோயிலில் விளக்கு அணையாமல் இருக்க, திரியும் எண்ணெயும் இருந்தால் மட்டும் போதாது. வேளை தவறாமல் வந்து எண்ணெய் விடும் ஒரு கை வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அத்தகைய ஒரு கை இருந்தால், கொழுந்துக் கூடை சுமந்து குடும்பத்தைக் காத்த பல தாய்மார் பாரிசவாதத்தில் படுக்கையில் விழாமல், தம் பேரப்பிள்ளைகளோடு அடுத்த வருடத் திருவிழாவையும் காண்பர். அதற்கு அன்னை பராசக்தியின் திருவருள் துணை நிற்பதாக.

சுபம்.