மனிதரை அறியும் கல்வியும் நம் கடற்கரையும்

முன்னுரை

செடி கொடிகளை ஆராயத் தாவரவியல் உண்டு. விலங்குகளை ஆராய விலங்கியல் உண்டு. அவ்வாறே மனிதன் எவ்வாறு கூடி வாழ்கிறான், எதை நம்புகிறான், எதை உண்கிறான், யாரை உறவு என்கிறான் என்று ஆராயும் கல்விக்கு மானிடவியல் என்று பெயர். நம் பாடப்புத்தகத்தில் இதற்குத் தனிப் பாடம் இல்லை. ஆகவே, 'காட்டில் வாழும் மக்களைப் பற்றிய படிப்பு' என்று பலர் இதனை எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. வறுமை, வரதட்சணை, இடப்பெயர்ச்சி, பேரிடர் போன்ற இன்றைய சமுதாயச் சிக்கல்களைத் தீர்க்க விரும்புவோர் முதலில் கற்கவேண்டிய பாடம் இதில் உள்ளது. ஒரு மக்களுக்கு நன்மை செய்யுமுன், அவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அவர்களிடமே கேட்டறிய வேண்டும் என்பதே அப்பாடம். குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது விண்வெளி ஏவுதளம் எழுந்துவரும் இந்நாளில், அப்பாடம் நம் வாசலுக்கே வந்துவிட்டது எனலாம்.

அளவுகோலுடன் வந்தவர்

எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தார். அவர் முதலில் ஆராய்ந்தவற்றுள் நம் கடலும் ஒன்று. முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு, மன்னார் வளைகுடாவின் உயிரினங்கள் ஆகியவற்றைப் பற்றி 1890-இல் எழுதினார். பின்னர் அவர் பார்வை மனிதர் மேல் திரும்பியது. சிப்பியை அளந்தவர், மக்களின் தலை நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் கருவி கொண்டு அளக்கலானார். கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909-இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மறைந்துபோன பழக்கவழக்கங்கள் பலவற்றை இன்றும் அந்நூலில்தான் காண்கிறோம். அதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆயினும் மூக்கை அளந்து ஒருவரின் குணத்தை அறிய முடியுமோ? காவல்துறையினருக்கும் தர்ஸ்டன் இவ்வாறு அளவெடுக்கும் முறையைக் கற்பித்தார். பிறப்பினாலேயே சிலர் குற்றவாளிகள் என்று ஆட்சியாளர் எண்ணிய காலம் அது. 1871-இல் வடநாட்டில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. தொட்டில் குழந்தை முதல் முதியவர் வரை, ஒரு குலம் முழுவதும் சந்தேகத்திற்கு உரியதாயிற்று. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் இச்சட்டத்தை எதிர்த்த மக்கள் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீங்கியது. மனிதரைப் பேசவிடாமல் அளக்க மட்டும் செய்யும் அறிவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இக்காலமே சான்று.

கூடி வாழ்ந்து கற்றவர்

இதற்கு மாறான வழியைக் காட்டியவர் போலந்து நாட்டில் பிறந்த மாலினோவ்ஸ்கி. நியூ கினியாவுக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்டு தீவுகளில், 1915-க்கும் 1918-க்கும் இடையே அவர் நெடுநாள் தங்கினார். ஊர் நடுவே கூடாரம் அடித்து, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களோடு பழகி எழுதினார். அவர்களும் நம்மவரைப் போல் மீன்பிடிப்பவர்களே. அலையில்லாத உட்கடலில் மீன்பிடிக்கும்போது அவர்கள் மந்திரம் எதுவும் சொல்வதில்லை. ஆபத்து நிறைந்த வெளிக்கடலுக்குப் போகும்போது மட்டும் சடங்குகள் செய்தனர். இதை அறியாமை என்று அவர் ஒதுக்கவில்லை. மனிதனின் திறமை எட்டாத இடத்தில்தான் சடங்கு தேவைப்படுகிறது என்று விளக்கினார்.

நம் கரையிலும் இதைக் கண்டோம் அன்றோ? முத்துக்குளித்த காலத்தில், சுறா அணுகாதபடி மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' என்பவர் இல்லாமல் குளிப்பவர்கள் கடலில் இறங்கமாட்டார்கள். ஆகவே மந்திரத்தில் நம்பிக்கையில்லாத ஆங்கில அரசும் அவருக்கு ஊதியம் கொடுத்து வந்தது. 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை, கடல்கட்டியும் இல்லை. ஆனால் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு படகைத் தள்ளும் மீனவர் இன்றும் உண்டு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிபவரும் அவரே. ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்பவரும், கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் வைத்து, மீன் நிறைந்த பாரைக் கண்டுபிடிப்பவரும் அவரே. பக்தியும் அறிவும் அவரிடம் ஒருங்கே இருக்கின்றன.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரும் முதலில் செய்தது என்ன? இரு மொழியும் அறிந்த உள்ளூர் மக்களைக் கூட்டி, செபங்களைத் தமிழில் ஆக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். பிறருக்குக் கற்பிக்க வந்தவரும் முதலில் கேட்க வேண்டியிருந்தது.

கணக்கில் வராத உழைப்பு

கல்பனா ராம் என்ற மானிடவியல் அறிஞர், கன்னியாகுமரி மாவட்ட முக்குவர் மகளிரைப் பற்றி 1991-இல் ஒரு நூல் வெளியிட்டார். மீன்பிடித் தொழில் என்றவுடன் படகும் ஆண்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். அவரோ அம்மகளிருடன் பழகி வேறொன்றைக் கண்டார். கடலுக்குப் போவது ஆண்கள். ஆனால் மீன் கிடைக்காத நாளில் கடன் வாங்குவதும், கிடைத்த நாளில் கடனை அடைப்பதும், வீட்டை நடத்துவதும் பெண்கள். பணத்தைத் திறமையாகக் கையாளும் அப்பெண்களுக்கே நடமாட்டத்தில் பல கட்டுப்பாடுகளும் இருந்தன.

இது நமக்குத் தெரியாததா? மீன் கூடையுடன் ஊர் ஊராகச் செல்லும் நம் அன்னையரும் பாட்டிமாரும், 'வேலை என்ன?' என்று கேட்டால் 'வீட்டில்தான் இருக்கிறேன்' என்றே சொல்கின்றனர். எழுதுபவரும் அப்படியே எழுதிக்கொள்கிறார். கணக்கில் வராத உழைப்புக்கு உதவியும் வராது. ஒரு வீட்டில் சில நாட்கள் இருந்து பார்ப்பவருக்கு மட்டுமே அந்த உழைப்பு புலப்படும்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபின், தமிழக அரசு கரையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புது வீடுகள் கொடுக்க முன்வந்தது. உயிரைக் காக்கும் நல்லெண்ணம் அது. ஆனால் மீனவருக்கு வீடு என்பது நான்கு சுவர் மட்டுமன்று. காற்றைப் பார்க்கவும், படகைக் காக்கவும், வலையை உலர்த்தவும் கரை வேண்டும். தரங்கம்பாடியில் தங்கி ஆராய்ந்த ஃபிரிடா ஹாஸ்ட்ரப் என்ற டென்மார்க் அம்மையார், 2011-இல் வெளியிட்ட நூலில், மக்கள் தம் அன்றாட வாழ்வின் வழியே சிறிது சிறிதாகத்தான் பேரிடரிலிருந்து மீள்கின்றனர் என்று காட்டினார். வீட்டுச் சாவி கொடுத்த நாளோடு அது முடிந்துவிடுவதில்லை.

ராக்கெட் தளமும் மக்களும்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்திற்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ 2,230 ஏக்கர் நிலத்தில் அது அமைகிறது. இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவினால், இலங்கையைச் சுற்றி வளைந்து செல்லவேண்டியதில்லை, எரிபொருள் மிச்சமாகும். சிறிய ராக்கெட்டுகளுக்கு இது பெரிய உதவி. நம் மாவட்டத்திற்கு இது பெருமையே. நம் தோழியருள் சிலர் அங்கே விஞ்ஞானிகளாகப் பணியாற்றுவர் என்றும் நம்புகிறோம்.

ராக்கெட் தளம் கடற்கரைக்கு வருவது இது முதன்முறையன்று. திருவனந்தபுரத்திற்கு அருகிலுள்ள தும்பாவில், புனித மகதலேன் மரியாள் ஆலயமும் மீனவர் வீடுகளும் இருந்த இடமே விஞ்ஞானி விக்ரம் சாராபாய்க்குத் தேவைப்பட்டது. அவர் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவிடம் சென்றார். ஆயர் தாமே முடிவு சொல்லாமல், ஞாயிறு திருப்பலியில் மக்களிடம் கேட்டார் என்றும், மக்கள் இசைந்தனர் என்றும் அப்துல் கலாம் எழுதியுள்ளார். 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.

ஆந்திராவின் ஸ்ரீஹரிகோட்டா 1969-இல் ஏவுதளத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அத்தீவில் யானாதி என்னும் பழங்குடியினர் கிழங்கு, மூலிகை, விறகு, மீன் ஆகியவற்றை நம்பி வாழ்ந்தனர். தளம் வந்தபின் அவர்கள் இடம்பெயர்ந்தனர். காட்டை நம்பியிருந்தவர் கூலியை நம்பவேண்டியவராயினர். அவர்கள் வாழ்வு எவ்வாறு மாறியது என்பதை மானிடவியல் அறிஞர்கள் பின்னர் ஆராய்ந்து எழுதினர். எழுதியது நன்றே, முன்பே கேட்டிருந்தால் இன்னும் நன்றாய் இருந்திருக்கும்.

நம் ஊரில் கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ராக்கெட் ஏவும் நாளில் பாதுகாப்புக்காகக் கடலின் ஒரு பகுதி மூடப்படும். அந்நாள் மீன் மிகுந்த பருவத்தில் வந்தால், எத்தனை படகுகளின் கூலி போகும்? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதை நாம் அறிவோம். அந்நாட்களில் நாட்டுப்படகுகளே கடலுக்குச் செல்கின்றன. அவர்களுக்கு அப்போது ஒரு நாள் எவ்வளவு மதிப்புள்ளது? தேரி மணலில் பனையேறிக் கருப்பட்டி காய்ச்சிய குடும்பங்கள் எங்கே செல்லும்? மீன் விற்கும் பெண்ணின் இழப்பை யார் கணக்கில் எழுதுவர்? வேலைவாய்ப்புக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் என்ன படித்திருக்க வேண்டும்? இக்கேள்விகளுக்குரிய விடை வரைபடத்தில் இல்லை; மக்களிடம் இருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஆட்சியாளருக்கும் பொருந்தும் பழமொழி.

மாணவியரின் கடமை

நாம் சிறியவர்கள், நம்மால் என்ன ஆகும் என்று எண்ண வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கோடை விடுமுறையில் நம் தாத்தாவிடம் காற்றின் பெயர்களையும் பார்களின் பெயர்களையும் கேட்டு எழுதலாம். பாட்டியிடம் ஒரு நாளில் அவர் செய்யும் வேலைகளைக் காலை முதல் இரவு வரை வரிசையாகக் கேட்கலாம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடம் கட்டுபவர் என்ன நேர்ந்துகொண்டார் என்று பக்கத்து வீட்டு அண்ணனிடமும், நோன்புக் கஞ்சி காய்ச்சும் முறையைத் தோழியின் உம்மாவிடமும், மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழாவின் பழைய நினைவுகளைப் பெரியப்பாவிடமும் கேட்கலாம். கேட்கும்போது திருத்த வேண்டாம், சிரிக்க வேண்டாம், அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுவோம். நாளை ஏதேனும் ஒரு திட்டத்தை வகுப்பவருக்கு அந்த நோட்டுப் புத்தகம் பயன்படக்கூடும்.

முடிவுரை

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பெரிய திட்டங்கள் வரும்போது அந்நிலத்தில் வாழும் பழங்குடி மக்களே உரையாடலில் முதன்மையானவர்களாக இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். மானிடவியல் கற்பிப்பதும் அதுவே. மனிதன் இறைவனின் சாயல் என்று மறைக்கல்வியில் கற்கிறோம். அச்சாயலை அளவுகோல் காட்டாது. அருகில் அமர்ந்து கேட்கும் செவிக்கே அது புலப்படும். நம் கரையிலிருந்து ராக்கெட் விண்ணை நோக்கிப் பறக்கட்டும். அதன் கீழே விரிந்திருக்கும் கடலில், கேட்டறியப்பட்ட மக்களின் படகுகளும் அச்சமின்றிச் செல்லட்டும். அதற்காக உழைக்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக!