காணிகள் காட்டிய பச்சிலை

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது)

சளி பிடித்தால் தூதுவளை, இருமலுக்கு ஆடாதோடை, உடம்பு வலிக்குச் சுக்குக் கஷாயம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். இவற்றை முதன்முதலில் கண்டு சொன்னவர் யார்? அவருக்கு உலகம் என்ன கைம்மாறு செய்தது? இவ்வாறு நாம் கேட்பதில்லை. கேட்டாலும் விடை கிடைப்பது அரிது; காலம் அவ்வளவு கடந்துவிட்டது. ஆனால் ஆரோக்கியப்பச்சை என்னும் ஒரு சிறு செடியின் வரலாற்றில் இக்கேள்விகளுக்கு விடை உண்டு. அதனையே இங்கே எழுத விரும்புகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்பது அகத்தியமலை. சித்த மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் அகத்தியர் உறைந்த மலை என்பது மக்கள் நம்பிக்கை. இம்மலைத் தொகுதியை யுனெஸ்கோ நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் தன் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்த்தது. இங்கே 2,254 வகை உயர்நிலைத் தாவரங்கள் உள்ளன என்றும், அவற்றுள் ஏறத்தாழ 400 இவ்வட்டாரத்துக்கே உரியவை என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. மலையின் கிழக்கே பாபநாசத்துக்கு மேலேயுள்ள காரையாறு, சேர்வலாறு பகுதிகளிலும், மேற்கே கேரளத்துத் திருவனந்தபுரம் மாவட்டக் காடுகளிலும் காணிகள் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். நம் திருநெல்வேலிச் சீமைக்கு அவர்கள் அயலார் அல்லர்.

1987 டிசம்பரில் டாக்டர் பி. புஷ்பாங்கதன், எஸ். இராஜசேகரன் முதலிய விஞ்ஞானிகள் கேரளப் பக்கத்திலிருந்து அம்மலைக்குள் ஆய்வுக்குச் சென்றனர். வழிகாட்டிகளாகச் சில காணி இளைஞர்கள் உடன் வந்தனர். ஏற்றமோ செங்குத்து. படித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது, கால்கள் தள்ளாடின. வழிகாட்டிகளோ சிறு பழங்களைப் போட்டு மென்றபடி, சோர்வின் சுவடே இன்றி நடந்தனர். விஞ்ஞானிகளும் அப்பழத்தை வாங்கித் தின்று பார்த்தனர். களைப்பு நீங்கி உடலில் புதுத் தெம்பு உண்டானதாம். “இது என்ன பழம்?” என்று கேட்டபோது இளைஞர்கள் தயங்கினர். அது அவர்கள் குலத்தின் இரகசியம், வெளியாருக்குச் சொல்லலாகாது. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கூறிய பின்னரே செடியைக் காட்டினார்கள். அந்த உறுதிமொழியைத்தான் நாம் மறக்கக் கூடாது.

அதன் தாவரவியற் பெயர் டிரைகோபஸ் சிலானிகஸ். பெயரின் பின்பாதி இலங்கையைக் குறிப்பது. அத்தீவிலும் இச்செடி உண்டு. மரங்கள் அடர்ந்த நிழலில், ஓடைக்கரை ஈரத்தில், தரையோடு தரையாக வளரும். வள்ளிக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது என்கிறார்கள். பார்வைக்கு அப்படியொன்றும் தெரியாது!

காணிகள் உண்டது பழத்தை. ஆனால் இலையிலும் சோர்வைப் போக்கும் தன்மை உண்டு என்பதைப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. அந்த இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினர். 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதனைத் தயாரிக்கும் உரிமை 7 ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்டது. உரிமத் தொகை 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு உரிமைத்தொகை. இவ்விரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. பணத்தைப் பெறுவதற்காக 1997-இல் காணிகளின் பெயரால் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999-இல் 5 இலட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதற்குச் சேர்ந்தது. அறிவைத் தந்த பழங்குடியினருக்கு வருவாயில் பங்கு தந்த முன்னோடி முயற்சி என உலக நாடுகள் இதனைப் பாராட்டின.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். மருந்துக்கு விலை ஏறியதும் இலைக்கும் விலை ஏறியது. செடியைப் பயிரிட்டு இலையை விற்கக் காணிக் குடும்பங்கள் சில முன்வந்தன. வனத்துறையோ தடுத்தது. பயிரிட்ட இலை என்ற பெயரில் காட்டுச் செடியையே பறித்துவிட்டால் என்ன செய்வது என்பது அதன் அச்சம். அந்த அச்சம் வீண் அன்று. வெளியார் தூண்டுதலால் காட்டிலிருந்து செடிகள் திருட்டுத்தனமாகக் கொண்டுபோகப்படவும் செய்தன. இலையை மட்டும் கிள்ளினால் செடி மீண்டும் தழைக்கும். வேரோடு பிடுங்கினால் தழைப்பது எங்கே?

அப்படியானால் சமவெளியில் தோட்டம் போட்டு ஏக்கர் கணக்கில் வளர்க்கலாமே என்று நமக்குத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இயற்கையான காட்டுச் சூழலிலும் அதன் அருகிலும் வளரும்போதுதான் இச்செடியில் அந்த மருத்துவ குணம் அமைகிறதாம். காட்டு மரத்தின் நிழல், உதிர்ந்த சருகின் ஈரம், மலை மண் இவையெல்லாம் சேர்ந்தே அச்செடி. மரத்தை வெட்டிவிட்டு இந்த மருந்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ள யாராலும் முடியாது. காணிகளைக் காட்டிலிருந்து பிரித்துவிட்டாலும் இதே நிலைதான். எந்த ஓடைக்கரையில் எது முளைக்கும், எந்த மாதத்தில் காய்க்கும் என்பது ஏட்டில் இல்லை. நடந்து பழகிய கால்களில் இருக்கிறது.

காணிகளுக்குள்ளும் மனவருத்தம் எழுந்தது. அவர்களின் மருத்துவர்களுக்குப் பிலாத்திகள் என்று பெயர். மருத்துவ அறிவைக் காத்து வருவது அவர்கள் பொறுப்பு. தங்கள் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்பதாகக் கூறிப் பிலாத்திகள் சிலர் 1995-லேயே எதிர்ப்புத் தெரிவித்தனர். வழிகாட்ட வந்த இளைஞர்கள் சொன்னால் குலம் முழுவதும் சொன்னதாகுமா? இக்கேள்விக்கு உரிய மறுமொழி அந்நாளில் தரப்பட்டதாகத் தெரியவில்லை. பங்கு கொடுத்தது நல்ல செயலே. ஆனால் முதலில் அவர்களையும் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2002-இல் நம் நாட்டில் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி உள்ளாட்சிதோறும் ஒரு குழு அமைத்து, அவ்வூர்ச் செடி கொடிகளையும் அவற்றைப் பற்றிய மக்கள் அறிவையும் ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ என்னும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்தால் அறிவு அழியாது. ஆனால் எழுதியதை எவரும் படித்துவிடலாமே! ஆகையால் எதைச் சொல்வது, எதைக் குலத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு காணிக் குடியிருப்பிலும் பிலாத்திகளும் பெரியவர்களும் கூடி முடிவு செய்வதே முறை. பேனாவோடு செல்பவர்கள் அதுவரை திண்ணையில் காத்திருக்கலாம்.